பல்கலைக்கழகத்தின் கீழேயே தொடர்வதா, தனிச் சங்கமாகப் பதிவதா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பிராந்தியக் கடல் கண்காணிப்புச் சங்கத்தின் தரவுப் பிரிவில் வேலை செய்கிறேன். பல நிறுவனங்கள் கையெழுத்திட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் பேரில், ஒரு பல்கலைக்கழகத்தின் நிழலில் சங்கம் இயங்குகிறது. லாப நோக்கமற்ற தனி அமைப்பாகப் பதிந்துகொள்ளலாமா என்று நிர்வாகக் குழுவில் பேச்சு ஓடுகிறது. அதற்கு ஒரு குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: இரண்டு வடிவமும் பல வருடங்களாக நன்றாகவே நடந்துவருகின்றன, அதைக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். ஐயூஸ் (IOOS, ஒருங்கிணைந்த கடல் கண்காணிப்பு அமைப்பு) என்ற தேசிய ஏற்பாட்டின் கீழ் 11 பிராந்தியச் சங்கங்கள் இருக்கின்றன. வாஷிங்டன், ஓரிகன், வட கலிபோர்னியா கடற்கரையைப் பார்த்துக்கொள்ளும் நானூஸ் ஒப்பந்த வடிவில் நடப்பது. கையெழுத்திட்ட ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஆட்சிக்குழுவில் இடம் உண்டு. தென்கிழக்கில் சிகூரா, மெக்சிகோ வளைகுடாவில் ஜிகூஸ், பேரேரிகளில் க்ளாஸ் ஆகியவை தனியாகப் பதிவான லாப நோக்கமற்ற அமைப்புகள். ஆகவே எந்த வடிவம் உயர்ந்தது என்ற விவாதத்தில் குழுவின் நேரத்தைக் கரைக்க வேண்டாம். பணம் எந்த வழியாகப் போகிறது, அதைப் பங்கிடுவது யார் என்ற இரண்டையும்தான் நீங்கள் குடைய வேண்டும்.

பணத்தில் எல்லோரும் முதலில் சுட்டிக்காட்டுவது ஓவர்ஹெட்டை, அதாவது நிர்வாகம், கட்டடம் போன்ற பொதுச் செலவுக்காக மானியத்தின் மேல் நிறுவனம் கேட்கும் சதவீதத்தை. பல பல்கலைக்கழகங்களில், வளாகத்தில் நடக்கும் ஆய்வுக்கான ஓவர்ஹெட் விகிதம் 50 சதவீதத்தைத் தாண்டுகிறது. கூட்டரசோடு (அமெரிக்க மத்திய அரசோடு) சொந்த விகிதம் பேசி முடிக்காத புதிய அமைப்புக்கு, 2024 அக்டோபரிலிருந்து 15 சதவீதம் வரை கேட்க விதி இடம் தருகிறது. பார்த்தவுடன் தனி அமைப்பே லாபம் என்று தோன்றும். ஆனால் கணக்கை முழுசாகப் போட்டுப் பாருங்கள். உங்கள் மானியத்திலிருந்து மற்ற நிறுவனங்களுக்குப் போகும் ஒவ்வொரு சப்-அவார்டிலும் (துணை மானியத்திலும்) முதல் 50,000 டாலருக்கு மட்டுமே ஓவர்ஹெட் கணக்காகும். பழைய விகித ஒப்பந்தங்களில் அது 25,000. உங்கள் பணத்தில் பெரும்பகுதி மிதவை, ரேடார், க்ளைடர் (நீருக்கடியில் தானாக ஓடி அளக்கும் கருவி) இயக்கும் வேறு நிறுவனங்களுக்குக் கைமாறுகிறது என்றால், வித்தியாசம் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் வரும். மறுபக்கம் தனி அமைப்புக்கு வேறு செலவுகள் முளைக்கும்: கணக்காளர், காப்பீடு, வழக்கறிஞர், ஊழியர் மருத்துவக் காப்பீடு. வருடத்தில் செலவிடும் கூட்டரசுப் பணம் 10 லட்சம் டாலரை எட்டிவிட்டால் தனித் தணிக்கையும் கட்டாயம். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது கையிருப்பு. கூட்டரசிடமிருந்து பணம் தாமதமானால் பல்கலைக்கழகம் சம்பளத்தைத் தன் பையிலிருந்து போட்டுச் சமாளிக்கும். சிறு அமைப்பால் முடியாது. குறைந்தது மூன்று மாதச் சம்பளத்துக்கு வழி காட்டாமல் பதிவுப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

தனி அமைப்புக்கு உண்மையான பலமும் ஒன்று உண்டு. 501(சி)(3) அமைப்பு, அதாவது அந்த வரிச்சட்டப் பிரிவின் கீழ் வரிவிலக்கு பெற்ற அமைப்பு, உறுப்பினர் சந்தாவிலிருந்து, சட்டம் விதித்த வரம்புக்குள், சட்டமன்ற உறுப்பினர்களிடம் போய்த் தன் தேவையைச் சொல்லி ஆதரவு கேட்கலாம். கூட்டரசு மானியத்தை அதற்குத் தொடவே கூடாது. பல்கலைக்கழகத்துக்குள் இருந்தால் அதே வேலையை அரசுத் தொடர்பு அலுவலகம் வழியாகச் செய்ய வேண்டியிருக்கும், அவர்களின் பட்டியலில் உங்கள் மிதவைகள் மேலே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்புறம் சட்டப் பொறுப்பு. 2009-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கடல் கண்காணிப்புச் சட்டம் ஒரு நல்ல பாதுகாப்பைத் தருகிறது: நோவாவின் (NOAA, அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின்) சான்று பெற்ற சங்கத்தின் ஊழியர்கள் தரவு சேகரித்து, பராமரித்து, வெளியிடும் வேலையில் இருக்கும்போது, உரிமையியல் வழக்கு வந்தால் நோவாவின் பகுதியாகவே கருதப்படுவார்கள். உங்கள் அலை உயரத் தகவலை நம்பிக் கிளம்பிய படகுக்கு ஏதாவது ஆனால் இதன் அருமை தெரியும். சான்று ஐந்து வருடத்துக்கு. எந்த அமைப்பு விண்ணப்பித்ததோ அதற்கு. வடிவம் மாறினால் அது தானாகக் கூடவே வரும் என்று நினைக்காதீர்கள். ஐயூஸ் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலைக் குறிப்போடு இணையுங்கள்.

இனி, பங்கிடுவது யார்? என்னைக் கேட்டால் சங்கங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். நிர்வாகக் குழுவில் உட்காரும் பேராசிரியரின் ஆய்வகத்துக்கே மிதவைக்கான பணமும் போகிறது. நிதி ஏறாமல், செலவு மட்டும் ஏறும் வருடத்தில் எதையாவது கரைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். எதை என்று முடிவெடுக்கும் அறையில் எல்லா மிதவைகளின் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். யாரையும் நோகடிக்க மனம் வராமல் எல்லோருக்கும் சமமாக வெட்டுவார்கள். விளைவு, எல்லா மிதவைகளும் அரைகுறைப் பராமரிப்பில் கிடந்து, துறைமுக வாயிலில் கட்டாயம் வேண்டிய ஒன்று பழுதாகி நிற்கும். இது யாருடைய பேராசையும் இல்லை, ஏற்பாட்டின் கோளாறு. பதிவு செய்துகொள்வதால் மட்டும் இது சரியாகாது. அதே ஆட்கள்தான் புதிய குழுவிலும் வந்து உட்காருவார்கள்.

சரிசெய்ய வழி இருக்கிறது. பணம் பெறும் நிறுவனத்தவர் குழுவில் பாதிக்கும் குறைவாக இருக்கும்படி துணைவிதியில் எழுதுங்கள். ஒவ்வொருவரும் வருடந்தோறும் தன் நலன்களை எழுதிக் கொடுக்கட்டும். தன் நிறுவனத்துக்குப் பணம் போகும் விஷயம் வந்தால் தகவல் சொல்லலாம். பிறகு எழுந்து வெளியே போய்விட வேண்டும், வாக்கெடுப்புக்கு மட்டுமல்ல, விவாதத்துக்கும். திட்டங்களைத் தரம் பிரிக்கும் வேலையைப் பிராந்தியத்துக்கு வெளியே உள்ளவர்களிடம் கொடுங்கள். எந்தக் கருவி முதலில் காக்கப்பட வேண்டும் என்ற அளவுகோலைப் பணம் தாராளமாக இருக்கும் வருடத்திலேயே முடிவு செய்து வைத்துவிடுங்கள். நெருக்கடி வந்த பிறகு எழுதும் அளவுகோலை யாரும் நம்ப மாட்டார்கள்.

காலியாகும் இடங்களில் யாரை உட்கார வைப்பது? தரவைத் தினமும் பயன்படுத்துகிறவர்களை: கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட்டுகள், மீனவர்கள், சிப்பி வளர்ப்பவர்கள், மாநிலக் கடற்கரை அதிகாரிகள், பழங்குடி அரசுகளின் பிரதிநிதிகள். ஒருவரை மட்டும் அடையாளத்துக்கு வைத்தால் அவர் இரண்டு கூட்டத்துக்குப் பிறகு வரமாட்டார். மூன்று நான்கு பேராவது வேண்டும், பயணச் செலவையும் நீங்களே கொடுங்கள். பேராசிரியருக்கு அது வேலை நாள், மீனவருக்கு வருமானம் போகும் நாள். கூட்டரசு ஊழியர்களைப் பதிவான அமைப்பின் குழுவில் சேர்ப்பதென்றால் நலன் முரண் சட்டங்கள் குறுக்கே வரலாம். அதனால் அவர்களுக்குப் பெரும்பாலும் வாக்கில்லாத இடம்தான்.

பல்கலைக்கழகத்தின் கீழேயே தொடர்வதாக முடிவானால், ஓர் ஓட்டையை அடைத்தே ஆக வேண்டும். புரிந்துணர்வு ஒப்பந்தம் பொதுவாகச் சட்டத்தின் கண்ணில் ஓர் அமைப்பு அல்ல; அது ஆளை நியமிக்க முடியாது, ஒப்பந்தம் போட முடியாது. செயல் இயக்குநரைக் குழு தேர்ந்தெடுத்தாலும், சம்பளத்தையும் பதவி உயர்வையும் தீர்மானிப்பவர் துறைத் தலைவர். எனவே பல்கலைக்கழகத்தோடு தனியாக ஓர் ஒப்பந்தம் போட்டு, இயக்குநரின் நியமனம், மதிப்பீடு, நீக்கம் மூன்றிலும் குழுவின் சொல் என்ன, பிரிய நேர்ந்தால் தரவும் இணையப் பெயரும் யாருக்கு என்பதை எழுதி வாங்குங்கள்.

பிரிவதாக முடிவானால் அவசரப்படாதீர்கள். கருவிகளின் உரிமை பொதுவாக மானியம் வாங்கிய நிறுவனத்தின் பெயரில் இருக்கும், நீரோட்ட ரேடார்களின் அலைவரிசை உரிமமும் இடக்குத்தகையும் அப்படியே. ஒவ்வொன்றையும் பட்டியல் போட்டு, எது மாற வேண்டும், எது இயக்குபவரிடமே இருக்கலாம் என்று குறியுங்கள். சங்கங்களுக்கு ஐயூஸ் பணம் ஐந்து வருடக் கூட்டுறவு ஒப்பந்தங்களாக வருவதால், நடுவில் கைமாற்றுவதைவிட அடுத்த சுற்றுக்குப் புதிய அமைப்பே விண்ணப்பிப்பது எளிது. வரி விலக்குக்கும், மானியம் வாங்கத் தேவையான கூட்டரசுப் பதிவுக்கும் காத்திருப்பதைச் சேர்த்தால், அந்தச் சுற்றுக்கு இரண்டு வருடம் முன்பே வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும்.