சிங்கப்பூரிலிருந்து டிசம்பர் விடுமுறையில் ஆனைமலைக்குப் போகலாமா? பிள்ளைகளுக்கு விலங்குகள் கண்ணில் படுமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் ‘கண்ணில் படுமா’ என்று கேட்டீர்களே, அதற்குத்தான் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மூர் மண்டாய் இரவு சஃபாரியில் டிராமில் ஏறி உட்கார்ந்தால் போதும், சிங்கம் வரை பார்த்துவிட்டு இறங்கலாம். அந்த நினைப்போடு ஆனைமலைக்குப் போனால் ஏமாற்றம்தான். நான் மூன்று முறை போய்வந்திருக்கிறேன். புலியின் காலடித் தடத்தைத்தான் பார்த்தேன், அதுவும் வழிகாட்டி குனிந்து காட்டிய பிறகு.

நல்லவேளை, டிசம்பர் என்றீர்கள். முதல் முறை நாங்கள் ஜூன் விடுமுறையில் போய் மாட்டிக்கொண்டோம். தென்மேற்குப் பருவமழை அங்கே மலைமேலுள்ள வால்பாறையில் கொட்டித் தீர்க்கும் நேரம் அது. மூன்று நாளும் விடுதி ஜன்னல் வழியே மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரத்தம் உறிஞ்சும் அட்டைகள் மட்டும் எங்களை ஏமாற்றவில்லை. காலுறையில் மூக்குப்பொடி தடவினால் அட்டை ஏறாது என்பார்கள். மிச்சத்தை மறந்தும் பையில் போட்டுத் திரும்பாதீர்கள், சிங்கப்பூரில் அதற்குத் தடை இருக்கிறது.

கோயம்புத்தூருக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து பொள்ளாச்சி, பிறகு ஆழியாறு. அதைத் தாண்டினால் வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். பிள்ளைகளுக்கு வாந்தி மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு அங்கே பாறைச் சரிவிலும், சில நேரம் சாலையோரச் சுவரின் மேலுமாக நின்றுகொண்டிருக்கும்.

வால்பாறையில் புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்தியைத் தேடுங்கள். சிங்கவால் குரங்கு என்றாலும் அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் வாழ்வதில்லை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக மிஞ்சிய மழைக்காட்டில் ஒரு பெருங்கூட்டமே இருக்கிறது. சாலையில் வண்டியில் அடிபடாமலிருக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் என் மகள், “அப்பா, பழைய அப்பர் தாம்சன் சாலையில் நம் குரங்குகளுக்குக் கட்டியிருக்கிறார்களே, அதேதான்!” என்று கத்தினாள். கத்தியதில் மந்திகள் மறைந்துவிட்டன.

மலையேற்றத்துக்கு வருவோம். நம்மூர் புக்கிட் தீமா குன்று 164 மீட்டர். பசியாறுவதற்குள் ஏறி இறங்கிவிடுகிறோம், யாரையும் கேட்பதில்லை. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் ஓரடி வைக்க முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் மாண்ட பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து இணையப் பதிவையும் தொடங்கியது. தீ அபாயமுள்ள கோடை மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். டிசம்பரில் அந்தச் சிக்கல் இல்லை.

பிள்ளைகளோடு என்றால் இந்தக் காப்பகத்திலுள்ள டாப்சிலிப்பைச் சொல்வேன். வெள்ளையர் காலத்தில் தேக்கு மரங்களை மலைமேலிருந்து சறுக்கிவிட்ட இடம், அதனால் அந்தப் பெயர். எங்களை அழைத்துப்போனவர் இந்த மலையின் பழங்குடியான காடர் சமூகத்துப் பெரியவர். நடந்து அரைமணி ஆகியிருக்காது, சட்டென்று கையை உயர்த்தி நின்றார். “வாசனை வருகிறது, திரும்புங்கள்” என்றார். எங்கள் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. “பணம் கட்டியிருக்கிறோமே” என்று மகள் முணுமுணுத்தாள். நூறு அடி திரும்பி வந்திருப்போம், பின்னால் மூங்கில் படபடவென்று முறியும் சத்தம். பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடையைக் கூட்டினார். வழி முழுக்க மகள் என் சட்டையை விடவில்லை.

நாங்கள் யானையைப் பார்க்கவில்லை. ஆனால் பள்ளியில் யாராவது கேட்டால் பார்த்ததாகத்தான் சொல்கிறாள். நானும் திருத்துவதில்லை.