டியூப் ஆம்ப் இன்புட்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி: கேள்வி பதில்

டியூப் (வால்வு) வெச்ச கிட்டார் ஆம்ப்ளிஃபயர்ல, கிட்டார் ஜாக்ல இருந்து முதல் டியூப் வரைக்கும் இருக்கிற சர்க்யூட்ட மாத்தறது பத்தி நம்ம சேலம் பசங்க நிறைய கேட்டிருந்தீங்க, எல்லாத்துக்கும் இங்கயே சொல்லிடறேன், கேள்விக்கு முன்னாடி இருக்கிறது கேட்டவங்க ஏரியா பேரு. அதுக்கு முன்னாடி ஒண்ணு. ப்ளக்க புடுங்குனதுக்கு அப்புறமும் பவர் சப்ளை கன்டன்சர்ல 300, 400 வோல்ட் நின்னுட்டு இருக்கும், ஒரு ரெசிஸ்டர் வெச்சு டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டர்ல பாத்து, அப்புறந்தான் உள்ள கை வைக்கணும். ஆள கொன்னுடும்ங்க, தயவுசெஞ்சு இத தாண்டி போயிடாதீங்க.

அஸ்தம்பட்டி: அண்ணா, ஃபெண்டர் கம்பெனி சர்க்யூட் பாத்து கட்டுன ஆம்ப். ரெண்டாவது ஜாக்ல சொருகுனா சத்தம் கம்மியா வருது, கோளாறா?

கோளாறு இல்ல தம்பி, அதோட டிசைனே அப்படித்தான். முதல் ஜாக்ல சொருகும்போது ரெண்டு 68கே (கிலோ ஓம்) ரெசிஸ்டரும் பேரலல் ஆகி 34கே, கிட்டாருக்கு தெரியற லோடு 1 மெக், அதாவது ஜாக்ல இருந்து எர்த்துக்கு போற 1 மெகா ஓம் ரெசிஸ்டர். ரெண்டாவதுல அதே ரெண்டு ரெசிஸ்டரும் சிக்னல பாதியா பிரிச்சிடும், லோடும் 136கே தான், அதனால சத்தத்தோட ட்ரெபிளும் சேந்து மழுங்கும். ஹாட்டான (அவுட்புட் ஜாஸ்தி வர்ற) பிக்அப் வெச்சிருக்கவங்களுக்கு அது உபயோகம், அப்படியே விட்டுடு.

ஏற்காடு: வாசிக்காம நிறுத்துனா ரேடியோ பாட்டு சன்னமா கேக்குதுங்க. மழை நாள்ல கரகரன்னு வேற சத்தம்.

இது ரெண்டும் வேற வேற வியாதிங்க. ரேடியோ வருதுன்னா பெரும்பாலும் அந்த 68கே ஜாக் பக்கத்துல உக்காந்துட்டு அங்கிருந்து டியூபுக்கு நீளமா ஒரு வயர் போகும், அந்த வயர் தான் ஏரியல் மாதிரி புடிக்குது. ரெசிஸ்டர கழட்டி சாக்கெட்ல கிரிட் (சிக்னல் உள்ள போற) பின்லயே, 12ஏஎக்ஸ்7 டியூப்ல அது 2 இல்லனா 7, கால எவ்வளவு குட்டையா வெட்ட முடியுமோ வெட்டி சோல்டர் வைங்க, ஜாக்ல இருந்து அதுவரைக்கும் ஷீல்டு வயர் போட்டு ஷீல்ட ஜாக் பக்கம் மட்டும் எர்த் பண்ணுங்க. அந்த ரெசிஸ்டரும் டியூபுக்குள்ளயே இருக்கிற சின்ன கெப்பாசிட்டியும் சேந்து ரேடியோ ஃப்ரீக்வன்சிய வடிகட்டிடும், கிட்டார் சவுண்டுக்கு ஒண்ணும் ஆகாது. என்னக் கேட்டா இன்புட்ல இத விட நல்ல வேலை வேற எதுவுமே இல்ல, ஏன்னா இங்க நுழையற குப்பைய பின்னாடி இருக்கிற எல்லா ஸ்டேஜும் பெருசாக்கிடும். கரகரப்புக்கு, உங்க ஊர் பனிமூட்டத்துக்கு பழைய கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர் ஈரம் இழுக்கும், முதல் டியூபோட 100கே ப்ளேட் ரெசிஸ்டர மெட்டல் ஃபிலிமா மாத்துங்க. ஜாக்ல இருக்கிற ஸ்விட்ச் கான்டாக்டும் பாசி புடிச்சிருக்கும், தொடச்சிடுங்க.

செவ்வாய்பேட்டை: ப்ரோ, மெல்லிசை குழுவுல லீட் வாசிக்கறேன், பேஸ் கொழகொழன்னு வந்து நம்ம சத்தம் அமுங்கிடுது.

முதல் டியூபோட கேத்தோடு பின்ல 1.5கே ரெசிஸ்டரோட 25 மைக்ரோஃபாரட் கன்டன்சர் இருக்கும் பாரு, அத 0.68 ஆக்கு. சுமார் 300 ஹெர்ட்ஸுக்கு கீழ மெலிஞ்சிடும், கீபோர்டு, பேஸ் கிட்டார் நடுவுல உன் லீட் தனியா தெரியும். மார்ஷல் ஆம்ப்ல 2.7கே-வும் 0.68-ம் போட்டதும் இதே வழி தான். கன்டன்சர மொத்தமா எடுத்தா கெயின் 60-ல இருந்து 30 பக்கம் இறங்கிடும், சோலோவுக்கு தெம்பு பத்தாது. ஒரு நாளைக்கு ஒரு பார்ட் மட்டும் மாத்து, பழசையும் தூக்கி போடாம வெச்சுக்கோ.

ஃபேர்லேண்ட்ஸ்: அண்ணா, சர்ச்ல பீசோ (அதிர்வ புடிக்கற கிரிஸ்டல்) பிக்அப் வெச்ச அகௌஸ்டிக் வாசிக்கறேன், சவுண்டு தகரமா இருக்கு. 1 மெக்க எடுத்துடலாமா?

எடுக்காதம்மா! கிரிட்டுக்கு எர்த் வழி இல்லனா பயாஸ் (டியூப் சரியா ஓடறதுக்கான அடிப்படை வோல்டேஜ்) நிலையில்லாம போயிடும். பீசோவுக்கு 1 மெக் பத்தாது, அதுல தான் பேஸ் போகுது. ஆம்ப தொடாம, முன்னாடி பேட்டரில ஓடற ஒரு எஃப்இடி பஃபர் (பிக்அப்புக்கு லோடு ஏறாம சிக்னல கடத்தற சின்ன டிரான்சிஸ்டர் சர்க்யூட்) போடு, போதும்.

ஓமலூர்: சோல்டர் புடிக்க தெரியாது. கெயின் மட்டும் கொறையணும்.

முதல் 12ஏஎக்ஸ்7-ஐ கழட்டிட்டு 12ஏஒய்7 சொருகுங்க. பின் எல்லாம் அதே தான், கெயின் கிட்டத்தட்ட பாதியா கொறையும். ஆஃப் பண்ணி டியூப் ஆறுன அப்புறம் மாத்துங்க.