பப்பாளிப் பொடியும் நாற்பது கிலோ கறியும்

கேள்வி: புதுவயலில் சின்னதாக மெஸ் நடத்துகிறேன். கறி பூப்போல வேக, ஒருவர் கொண்டுவந்து தரும் பப்பாளி என்சைம் பொடியைப் போடுவேன். இரண்டு கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், அரை மணி ஊறல், பிறகு குக்கர். நன்றாக வந்துகொண்டிருந்தது. ஒரு காதுகுத்து விருந்துக்கு அதே கணக்கில் 40 கிலோவுக்கு 20 டீஸ்பூன் போட்டு, விறகடுப்பில் அண்டாவில் ஏற்றினேன். துண்டெல்லாம் கரைந்து களியாகிவிட்டது. பயந்துபோய் அடுத்த விருந்துக்குப் பொடியைக் கால்வாசியாக்கி, இரவெல்லாம் ஃபிரிட்ஜில் வைத்து, குக்கர்களில் பிரித்து வேகவைத்தேன். கறி ரப்பர்! பொடிக்காரர், "என்சைம் தீராது சார், எவ்வளவு போட்டாலும் கெடுதல் இல்லை, அடுத்த தடவை டபுளாப் போடுங்க" என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள், தம்பி. "என்சைம் தீராது" என்று அவர் சொன்னது நிஜம். கறி களியானதும் அதனால்தான். உப்பு கரைந்தால் அதோடு அதன் வேலை முடிந்தது. நொதி, அதாவது என்சைம், அப்படியில்லை. ஒரு புரதத்தை வெட்டிவிட்டு அடுத்ததுக்குப் போகும், அதை வெட்டிவிட்டு அதற்கடுத்தது. சூட்டில் அது சாகும்வரை வெட்டு நிற்காது. ஆகவே எத்தனை டீஸ்பூன் என்பது பாதிக் கேள்விதான். எத்தனை நிமிடம், எந்தச் சூட்டில் என்பது மீதி. விகிதத்தை நீங்கள் சரியாகத்தான் வைத்தீர்கள். நேரம்தான் கையைவிட்டுப் போய்விட்டது.

ஒரு தோராயக் கணக்கு. சூடு 10 டிகிரி ஏறினால் நொதியின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். ஃபிரிட்ஜின் 4 டிகிரியிலிருந்து 64 டிகிரி வரை ஆறு தடவை இரட்டிப்பு, அதாவது 64 மடங்கு. இரவு பத்து மணி நேரம் ஃபிரிட்ஜில் நடந்த வேலை, அந்த 64 டிகிரி அண்டாவில் பத்தே நிமிடத்தில் முடிந்துவிடும். குக்கரில் இரண்டு கிலோ அந்தச் சூட்டை ஐந்தாறு நிமிடத்தில் தாண்டிப் போய்விடுகிறது. நாற்பது கிலோவும் தண்ணீரும் நிறைந்த அண்டா விறகடுப்பில் அரை மணி, முக்கால் மணி அங்கேயே கிடக்கும். அத்தனை நேரமும் பொடி வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டாவது விருந்தில் நேர்மாறு. பொடி கால்வாசி, ஊறல் குளிரில், ஏறியது குக்கரில். கிடாவும் முற்றினதாக இருந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

"டபுளாப் போட்டால் என்ன?" கறி ஏராளம், நொதி கொஞ்சம் என்கிறபோது நொதியை இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும். பந்தியை நினைத்துப் பாருங்கள். பரிமாற நாலு பேர். பத்து இலை போட்டால் பாதி நேரம் சும்மா நிற்பார்கள். ஐம்பது இலையில் ஓடுவார்கள். இருநூறு இலை போட்டாலும் நாலு பேரால் அதே ஓட்டம்தான் ஓட முடியும். வேகம் கூட வேண்டுமானால் ஆளைத்தான் கூட்ட வேண்டும். 1913-இல் பெர்லினில் ஆய்வாளர்கள் லியோனார் மிகேலிஸும் மாட் மென்டனும் சர்க்கரையைப் பிளக்கும் இன்வர்டேஸ் நொதியை வைத்துச் சமன்பாடாக எழுதியது இதைத்தான். ஆனால் கறித்துண்டு பந்தி மண்டபம் இல்லை, கதவடைத்த வீடு. பொடி உள்ளே சில மில்லிமீட்டர்தான் நுழையும். எத்தனை ஆளைக் கூட்டினாலும் எல்லோரும் வாசலிலேயே நிற்பார்கள். வெளிப்புறம் கூழ், நடுவில் கட்டி, கிடைப்பது அவ்வளவுதான்.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள். பாடப்புத்தகத்தில், சூடு ஏற ஏற நொதியின் வேகம் ஏறி இறங்குவதை ஒரு மலையாக வரைந்திருப்பார்கள். உச்சி 37 டிகிரி, ஐம்பதுக்கு மேல் நொதி செத்தது. பத்து மதிப்பெண் கேள்வி, வரைந்தால் போதும். முப்பது வருஷம் விடைத்தாளில் அந்த மலையைத் திருத்திய ஆள் நான். அது நம் உடம்பு நொதிகளின் மலை என்று எழுதிய மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சொல்லிக்கொடுத்தால்தானே எழுதுவார்கள்! பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பெயின் என்கிற நொதி முரட்டுச் சாதி. 60, 70 டிகிரியில்தான் அதற்கு முழு வேகம். கை சுடுகிறதே, பொடி செத்திருக்கும் என்று நீங்கள் நினைக்கிற நேரத்தில் அது உச்சத்தில் இருக்கிறது. கறியை இறக்கி, இளஞ்சூட்டில் மூடிவைத்துப் பந்திக்குக் காத்திருக்கிறீர்களே, சரியாகக் கொதிக்காத அண்டாவானால் அப்போதும் வேலை ஓடும். முதல் பந்திக்குத் துண்டு, மூன்றாம் பந்திக்குக் கூழ். இதை மட்டும் மனசில் வையுங்கள், மற்ற விதிவிலக்கெல்லாம் உங்களுக்கு வேண்டாம்.

இனி பொடிக்காரர். நொதியை எடைபோட்டு வாங்குவது, பேட்டரியை எடைபோட்டு வாங்குவது மாதிரி. நொதிக்கு அளவு, நிமிடத்துக்கு எவ்வளவு வெட்டும் என்கிற யூனிட். நான் பார்த்த சில்லறைப் பொட்டலங்களில் எடை இருக்கும், விலை இருக்கும், பச்சைப் பப்பாளிப் படம் இருக்கும். யூனிட் மட்டும் இருக்காது. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை அச்சடித்துவிட்டால் கடமை முடிந்ததாம். உள்ளே இருப்பது நொதியா, மாவில் கலந்த நொதியா, போன வருஷ வெயிலில் செத்த நொதியா என்று யார் கேட்கிறார்கள்? சமையல் மாஸ்டருக்குக் கமிஷன் கொடுத்துப் பொடியைத் தள்ளுகிறவர்களும் உண்டு. மாஸ்டர் ரொம்பப் புகழ்ந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

நீங்களே சோதிக்கலாம். பால் பவுடரைக் கை பொறுக்கும் வெந்நீரில் கரைத்து மூன்று டம்ளரில் சம அளவு ஊற்றுங்கள். ஒன்றில் ஒன்றும் போடாதீர்கள். ஒன்றில் சிட்டிகைப் பொடியைத் தண்ணீரில் கரைத்து விடுங்கள். மூன்றாவதில் அதே கரைசலைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டுச் சேருங்கள். பப்பெயின் பாலைத் திரிக்கும், எத்தனை நிமிடத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பொட்டலம் அதே பாலை, அதே சூட்டில் திரிக்க இரண்டு பங்கு நேரம் எடுத்தால் உள்ளே பாதிச் சரக்குதான். கொதிக்கவைத்த கரைசலும் பாலைத் திரித்தால் அது நொதியின் வேலையே இல்லை, எலுமிச்சை உப்பு மாதிரி ஏதோ புளிப்பு. பொடியைக் கொட்டும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசு சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும்.

அண்டாவுக்கு என்ன செய்வது என்றால், பொடியே வேண்டாம். விறகடுப்பின் நிதானச் சூட்டில் ஜவ்வு தானாகவே உருகும். நம் ஊர் ஆச்சிகள் இரண்டாம் கட்டு அடுப்பில் பொட்டலம் வாங்கியா வேகவைத்தார்கள்? மசாலாவில் அரைக்கிற பச்சை இஞ்சியிலும் புரதம் வெட்டும் நொதி கொஞ்சம் உண்டு, அது போதும். போட்டே தீருவேன் என்றால் பழைய கணக்கில் கால்வாசி. அண்டாவில் தண்ணீரை முதலில் தளதளவென்று கொதிக்கவிட்டு, கறியை நாலைந்து தவணையாக, கொதி அடங்காமல் இறக்குங்கள். வெந்த பிறகும் பதினைந்து நிமிடம் கொதி நிற்கவே கூடாது. கறி வாங்கும்போது மட்டும் நீங்களே போய் நில்லுங்கள். கிழட்டு ஆட்டை இளங்கறி என்று தள்ளுகிறவரிடம் எந்த நொதியும் எடுபடாது.