டேங்கரா, விமானந்தாங்கியா?

கேள்வி: சீனாவில் புது விமானந்தாங்கிக் கப்பல் தயாராகிறது என்று ஒரு கப்பல் கட்டும் தளத்தின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எனக்குத் தெரிவதெல்லாம் துரு நிறத்தில் இரும்புப் பெட்டிகளும் நாலு கிரேன்களும்தான். இதை வைத்து எப்படி அடித்துச் சொல்கிறார்கள்?

பதில்: உங்கள் கண்ணில் குறையில்லை, தொடக்கத்தில் எல்லாக் கப்பலும் இரும்புப் பெட்டிதான். தனித்தனித் துண்டுகளாகச் செய்து, கிரேனால் தூக்கி, டிரை டாக்கில், அதாவது தண்ணீரை வெளியேற்றிவிட்ட பெரிய பள்ளத்தில், இறக்கிப் பற்றவைக்கிறார்கள். அந்த நிலையில் எண்ணெய் டேங்கரும் போர்க்கப்பலும் ஒரே முகம்.

முதலில் அளவு பாருங்கள். படத்தில் எங்காவது ஒரு கண்டெய்னர் கிடக்கும். பெரிய கண்டெய்னர் என்றால் 40 அடி, அதாவது 12.2 மீட்டர். அதுதான் உங்கள் ஸ்கேல். இருபத்தைந்து கண்டெய்னர் நீளம் வந்தால் சீனாவின் முதல் விமானந்தாங்கியான லியாவோனிங் அளவு, சுமார் 305 மீட்டர். உடனே குதிக்க வேண்டாம், கச்சா எண்ணெய் ஏற்றும் பெரிய டேங்கர் 330 மீட்டர் வரை போகும். அதனால் நீளம் ஒன்றையும் நிரூபிக்காது, அகலம்தான் காட்டிக்கொடுக்கும். அந்த டேங்கர் அடியிலிருந்து மேல்வரை ஒரே பெட்டியாக 60 மீட்டர் அகலம் இருக்கும். லியாவோனிங் வகைக் கப்பலோ மேல்தளத்தில் 75 மீட்டர், நீர்மட்டத்தில் அதில் பாதிதான். மேல்தளம் வைக்காத நிலையில் எடுத்த படத்தில், இவ்வளவு நீளத்துக்கு இது ஏன் இப்படி ஒல்லியாக இருக்கிறது என்று தோன்றினால், அங்கேதான் சந்தேகம் பிறக்க வேண்டும்.

அப்புறம் உள்ளே பாருங்கள், மேலே மூடாத வரைக்கும்தான் இந்த வசதி. டேங்கரில் பெரிய பெரிய தொட்டிகள் தெரியும். விமானந்தாங்கியின் அடிவயிறு தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள், அதற்கு மேலே விமானம் நிறுத்த நீண்ட கூடம். வலப்பக்கச் சுவரில் லிஃப்டுக்கு வெட்டிவிட்ட பெரிய வாய் தெரிந்தால் முக்கால்வாசி முடிந்தது. முன்பக்கம் சறுக்குமரம் போல மேலே வளைந்து ஏறினால் பிறகு விவாதமே இல்லை, ஆனால் அதற்குள் செய்தி பழசாகியிருக்கும்.

சீனாவின் தாலியன் நகரத்தில் நடந்தது இதுதான். 2015 முழுக்க அங்கே டிரை டாக்கில் பாதி கட்டியிருந்த கப்பலை வைத்து ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்றுதான் சீனப் பாதுகாப்பு அமைச்சகம் வாய் திறந்து ஆமாம் என்றது. 2017 ஏப்ரலில் தண்ணீரில் இறங்கி, 2019 டிசம்பரில் ஷான்டோங் என்ற பெயரில் கடற்படையில் சேர்ந்தது அந்தக் கப்பல்.

கேள்வி: மேலே தட்டையாக இருந்தால் விமானந்தாங்கி என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. ஹெலிகாப்டரையும் தரைப்படை வீரர்களையும் சுமக்கும் கப்பலுக்கும் தட்டைத் தளம், வலப்பக்கம் கோபுரம் எல்லாம் உண்டு. பின்பக்கம் படகுகள் வெளியேறும் கதவு இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு கூத்து, கடலுக்கு நெடுந்தூரம் உள்ளே இருக்கும் வூஹானில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியையே விமானந்தாங்கியின் மேல்தளமாகக் கட்டி, கோபுரமும் வைத்திருக்கிறார்கள். கான்கிரீட் கப்பல்! தட்டைத் தளத்தை மட்டும் நம்பினால் அதையும் மிதக்கவிட்டுவிடுவீர்கள்.

மறைப்பதும் உண்டு. 2022 ஜூனில் ஷாங்காயில் தண்ணீரில் இறக்கிய ஃபூஜியான் என்ற சீன விமானந்தாங்கியின் தளத்தில் நீளநீளமாக மூன்று கொட்டகைகள் இருந்தன. விமானத்தை மின்காந்த விசையால் உந்திவிடும் தடங்கள் அதற்குள் இருந்தன. தடத்தைப் பார்க்க முடியவில்லை, ஆனால் எத்தனை, எங்கே, எவ்வளவு நீளம் என்று கொட்டகையே சொல்லிவிட்டது.

கேள்வி: இப்படிப் படம் வெளியிட்டு யாராவது மாட்டியிருக்கிறார்களா?

பதில்: சாமுவேல் லோரிங் மோரிசன். அமெரிக்கக் கடற்படை உளவுப் பிரிவில் வேலை, கூடவே போர்க்கப்பல், ராணுவ விவரங்களை வெளியிடும் லண்டனின் ஜேன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதிக்கொண்டிருந்தார். 1984இல் சக ஊழியர் மேசையிலிருந்து மூன்று செயற்கைக்கோள் படங்களை எடுத்து, ஓரத்தில் ரகசியம் என்று அச்சிட்டிருந்ததைக் கத்தரித்துவிட்டு, ஜேன்ஸின் ராணுவ வார இதழுக்கு அனுப்பிவிட்டார். கருங்கடல் பக்கம் நிக்கோலாயேவில் சோவியத் விமானந்தாங்கி ஒன்று தயாராகிக்கொண்டிருந்த காட்சி. இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 2001 ஜனவரியில், பதவியை விட்டுப் போகிற நாளில் அமெரிக்க அதிபர் கிளின்டன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

அந்தக் கப்பலுக்கு அப்போது கார்கோவ் என்று பெயர் சொன்னார்கள். சேவைக்கு வந்தது பாக்கு என்ற பெயரில், பிறகு அட்மிரல் கோர்ஷ்கோவ் ஆனது. முன்பக்கம் ஏவுகணைக் குழாய்கள் அடைத்துக்கொண்டிருந்தன. ரஷ்யாவிலேயே அவற்றை அறுத்தெடுத்து, அந்த இடத்தில் சறுக்குமரத்தை வைத்து 2013 நவம்பரில் நம்மிடம் கொடுத்தார்கள். இப்போது கார்வார் துறைமுகத்தில் ஐஎன்எஸ் விக்ரமாதித்யா என்று நிற்கிறதே, அதேதான்.