பேசிக்கொண்டே நடந்தால் தடுமாறுகிறாரா? சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: அப்பாவுக்குப் பார்க்கின்சன். டாக்டர் முன்னால் நன்றாகத்தான் நடக்கிறார். வீட்டில் போன் பேசிக்கொண்டே நடந்தால் மட்டும் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. ஏன்?

டாக்டர் ‘நடங்க’ என்றதும் அவர் கவனம் முழுக்க நடையில் இருக்கும். நமக்கெல்லாம் நடை தானாக வரும், பார்க்கின்சனில் அந்தத் ‘தானாக’ கெட்டுப்போவதால் ஒவ்வோர் அடியையும் யோசித்து வைக்கவேண்டியிருக்கிறது. போன் வந்ததும் கவனம் பேச்சுக்குப் போகும், அடி குறுகும், சிலர் அப்படியே நின்றுவிடுவார்கள். இது பார்க்கின்சனுக்கு மட்டும் உரியதல்ல. 1997-ல் ஸ்வீடனிலிருந்து வந்த ஒரு சின்ன ஆய்வில், உடன் நடந்தபடி பேச்சுக் கொடுத்தபோது 58 முதியவர்களில் 12 பேர் நின்றுவிட்டார்கள், அந்த 12 பேரில் 10 பேர் ஆறே மாதத்தில் விழுந்தார்கள். அடுத்த முறை டாக்டரிடம் போன் விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே அளக்கலாமா?

ஓரளவு. நேரான பத்து மீட்டர், போனில் ஸ்டாப்வாட்ச், பக்கத்தில் பிடிக்க ஓர் ஆள். முதலில் சும்மா நடக்கட்டும், அப்புறம் பேசிக்கொண்டே. 10 விநாடி 12.5 ஆனால் வேகம் விநாடிக்கு 1 மீட்டரிலிருந்து 0.8-க்கு இறங்கியிருக்கிறது, அதாவது 20 சதவீத இழப்பு. மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் குறித்து வையுங்கள், மருந்து வேலை செய்யும் நேரத்து நடையும் அது தீர்ந்த நேரத்து நடையும் ஒன்றல்ல.

கேள்வி: பிசியோதெரபி மாணவி நான். பக்கவாதம் வந்த ஒருவரை நடந்துகொண்டே நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னேன், நடை வேகம் குறையவே இல்லை. நல்ல அறிகுறிதானே?

சரி, கணக்கு என்ன ஆனது? நடையை மட்டும் அளந்துவிட்டு விட்டுவிடுவதுதான் இந்தச் சோதனையில் அடிக்கடி நடக்கிற தப்பு. அவர் கழிப்பதையே பாதியில் விட்டுவிட்டு ஜோராக நடந்திருக்கலாம். உட்காரவைத்து அதே நேரத்துக்குக் கழிக்கச் சொல்லி எத்தனை சரி என்று எண்ணுங்கள், நடக்கும்போதும் எண்ணுங்கள், நடையில் வந்த இழப்பு, கணக்கில் வந்த இழப்பு இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அர்த்தம் வரும். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவருக்குக் கழித்தலே பரீட்சை மாதிரி, அவரிடம் காய்கறிப் பெயர்களைக் கேளுங்கள். பேச்சே குழறுகிறவருக்குத் தண்ணீர் டம்ளர் ஏந்தி நடப்பது நல்லது. எதைக் கொடுத்தாலும் அடுத்த முறையும் அதையேதான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்பிடவே முடியாது.

கேள்வி: அப்படியானால் நடக்கும்போது பேசவே கூடாதா?

படிக்கட்டில், ரோடு கடக்கையில் வேண்டாம். மற்றபடி பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் இரண்டையும் சேர்த்தே பழகலாம், ஓரளவு பார்க்கின்சன் உள்ளவர்களிடம் செய்த சோதனையில் இந்தப் பயிற்சியால் நடை வேகம் கூடியது, விழுவது கூடவில்லை. ஏற்கெனவே அடிக்கடி விழுகிறவர் என்றால் தனியாக முயற்சிக்கவே வேண்டாம்.