வீட்டுத் தோட்டத்துக் குட்டையில் சம்பு வளர்க்க ஆசை. எப்படி நடுவது, எப்படிப் பராமரிப்பது?

தாராளமாக வளர்க்கலாம். ஆனால் குட்டையின் சேற்றில் நேரடியாக நட்டுவிடாதீர்கள். தொட்டியில் நட்டு, தொட்டியைத் தண்ணீரில் இறக்குங்கள். புதுச்சேரியை அடுத்த பாகூரில் எங்கள் கொல்லையில் பத்தடிக்கு எட்டடி அளவில் ஒரு குட்டை வெட்டி, ஏழு ஆண்டுகளாகச் சம்பு வளர்த்து வருகிறேன். முதல் ஆண்டு மூன்றே மூன்று கிழங்குத் துண்டுகளைச் சேற்றில் ஊன்றினேன். இரண்டாம் மழைக்காலம் முடிவதற்குள் பாதிக் குட்டையை அடைத்துவிட்டது. ஆசையாக வைத்திருந்த ஆம்பல் வெளிச்சமில்லாமல் போயிற்று. தோண்டி எடுத்தாலும், உள்ளே தங்கிய ஒவ்வொரு துண்டும் மறுபடி முளைத்தது.

நட இருப்பது சம்புதானா என்று முதலில் பாருங்கள். எங்கள் பக்கம் கோரை, நாணல், சம்பு எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பவர்கள் உண்டு. நாணல் தண்டில் கணு இருக்கும். கோரைத் தண்டை விரலிடையே உருட்டினால் பெரும்பாலும் மூன்று பட்டை இடறும். சம்பின் இலை நீண்ட பட்டையாக ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். நடுவே கம்பங்கதிர் போலப் பழுப்புக் கதிர் எழும். சம்பங்கோரை என்பதும் இதுதான்.

ஓர் இலையை அடிப்பக்கம் குறுக்கே அறுத்துப் பாருங்கள். உள்ளே அறை அறையாக இருக்கும். அழுத்தினால் பஞ்சு போல அமுங்கி எழும். அவ்வளவும் காற்று. சேற்றுக்குள் பிராணவாயு மிகக் குறைவு. நீருக்கு மேல் நிற்கும் இலை வழியாக இறங்கும் காற்றில்தான் கிழங்கு பிழைக்கிறது. காய்ந்த இலைகூடக் குழாய் போலக் காற்றைக் கடத்தும். ஏரி வேலை பார்த்த ஒரு பெரியவர் என்னிடம், "தண்ணீருக்கு மேலே அறுத்தால் தழைக்கும், உள்ளே அறுத்தால் அழுகும்" என்றார். அதன் அர்த்தம் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. புயலுக்குச் சில நாள் முன்பு ஒரு தொட்டியை மட்டும் ஒரு சாண் விட்டுக் கழித்திருந்தேன். குட்டை நிரம்பி, வெட்டிய முனைகள் மூன்று வாரம் மூழ்கிக் கிடந்தன. அந்தத் தொட்டிக் கிழங்கு கூழாகிவிட்டது. காற்றில் சாய்ந்து கிடந்த மற்றவை தை மாதம் புதுக்குருத்து விட்டன. ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் கத்தி வைக்காதீர்கள். கழிப்பதானால் மாசிக்குப் பிறகு, நீர்மட்டத்துக்கு மேலே.

நடுவதற்கு ஆடி, ஆவணி நல்லது. பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். ஓட்டையில்லாத, வாயகன்ற, ஒரு முழ ஆழத் தொட்டி போதும். ஏரி வண்டலோ களிமண்ணோ நிரப்பி, கிழங்கைப் படுக்கையாக வைத்து, மொட்டு மேலே தெரிய மூடுங்கள். முதலில் மண்ணுக்கு மேல் 10 சென்டிமீட்டர் தண்ணீர். வளர்ந்த பிறகு 30 வரை தாங்கும். நாள் முழுக்க வெயில் வேண்டும். உரம் வேண்டாம்.

கதிர் பழுத்துப் பஞ்சு விடுமுன் அறுத்துவிடுங்கள். ஒரு கதிரில் லட்சத்துக்கு மேல் விதை இருக்கும். காற்று எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சித்திரையில் தொட்டியைத் தூக்கிக் கிழங்கைப் பிரித்துவிட வேண்டும். மிச்சத்தை வாய்க்காலில் மட்டும் எறியாதீர்கள். அங்கே வேரூன்றினால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் போகாது. வெயிலில் நன்றாகக் காய வைத்து எருக்குழியில் போடுங்கள்.

கொசுவுக்குச் சிறு மீன்கள் விடலாம். ஆனால் சில வகைக் கொசுப்புழு நீர்மேல் வராமல், செடியின் வேரைத் துளைத்து அந்தக் காற்றையே உறிஞ்சி வாழும். மீன் எட்டாத அளவுக்குச் செடி நெருக்கமாக நின்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம். நடுவில் இடைவெளி விடுங்கள்.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், ஒருநாள் காலையில் தூக்கணாங்குருவி வந்து இலை விளிம்பை அலகால் கீறி, நுனியைக் கவ்விக்கொண்டு பறக்கும்போது நீளமாக ஒரு நார் உரிந்து வரும், அதைப் பார்ப்பதற்காகத்தான். போன ஆண்டு கானாங்கோழி ஒன்று கரிக்கட்டை நிறக் குஞ்சுகளோடு தொட்டிகளுக்கு இடையே திரிந்தது.

நாற்றுக்காக ஊசுட்டேரிக்குப் போகாதீர்கள். அது பறவைகள் சரணாலயம். வாய்க்கால் தூர்வாரும்போது கரையில் கொட்டும் சேற்றில் வேண்டிய அளவு கிடைக்கும். வெள்ளையாய், கூர்மையாய் மொட்டு உள்ள துண்டாகப் பார்த்து எடுங்கள். அன்றே நட முடியாவிட்டால் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள்.