மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து சுகாதாரக் கொள்கை ஆய்வுக்கு: வேலையை விடும் முன் செய்ய வேண்டியது

கேள்வி: எம்.எச்.ஏ. (மருத்துவமனை நிர்வாக முதுகலை) முடித்துவிட்டு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் நிர்வாகப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கிளெய்ம்களை (சிகிச்சைச் செலவைக் கேட்டு அனுப்பும் கோரிக்கைகளை) கவனிப்பதுதான் முக்கியப் பொறுப்பு. சுகாதாரக் கொள்கை ஆய்வுக்குப் போக ஆசை. நான் மருத்துவர் இல்லை. வேலையை விட்டுவிட்டு நேராக பி.எச்டி. சேர்ந்துவிடலாமா?

பதில்: மருத்துவர் இல்லை என்ற கவலையை முதலில் விடுங்கள். பொருளாதாரம், சமூகவியல், புள்ளியியல், சட்டம் என்று பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேரும் துறை இது. காப்பீட்டுப் பணம் மருத்துவமனைக்குள் எப்படி நகர்கிறது என்பதை ஒன்பது ஆண்டுகள் கூடவே இருந்து பார்த்தவர்கள் இங்கே குறைவு. அது உங்கள் பலம். ஆனால் வேலையை இப்போது விடாதீர்கள். இருக்கிற இடத்திலிருந்தே ஒரு சின்ன ஆய்வைத் தொடங்கி, கடைசி வரை முடித்துப் பாருங்கள். அப்புறம் முடிவெடுங்கள்.

காரணம் இதுதான். ப்ரீ-ஆத், அதாவது சிகிச்சைக்கு முன் காப்பீட்டுத் தரப்பு தர வேண்டிய அனுமதி, வராமல் ஒருவரின் அறுவை சிகிச்சை தள்ளிப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போனை எடுப்பீர்கள், விடுபட்ட ஸ்கேன் ரிப்போர்ட்டை ஏற்றுவீர்கள், சாயங்காலத்துக்குள் அனுமதி வாங்கிவிடுவீர்கள். நிர்வாகிக்கு அத்துடன் வேலை முடிந்தது. ஆய்வாளருக்கு அங்கேதான் தொடங்குகிறது. எந்தச் சிகிச்சைகளுக்கு இந்தத் தாமதம் அதிகம்? சிறு ஊர் மருத்துவமனைகளில் இன்னும் கூடுதலா? காத்திருக்கும் நாட்களில் அந்தக் குடும்பம் என்னென்ன செலவு செய்கிறது? பேக்கேஜ் தொகை (ஒரு சிகிச்சைக்குத் திட்டம் நிர்ணயித்த மொத்தத் தொகை) கட்டுப்படியாகாத சிகிச்சைகளை மருத்துவமனைகள் மெல்லத் தவிர்க்கின்றனவா? இப்படிக் கேட்டுவிட்டு, பதிலுக்காக மாதக்கணக்கில் பொறுமையாக உட்கார வேண்டும். உடனுக்குடன் தீர்த்துப் பழகிய கைக்கு இது எளிதல்ல. உங்களுக்கு இது ஒத்துவருகிறதா என்று பட்டப்படிப்பில் சேராமலேயே கண்டுபிடிக்க முடியும்.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. உங்கள் கணினியில் இருக்கும் கிளெய்ம் பட்டியலில், மருத்துவமனை வாசல்வரை வந்தவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். காப்பீட்டு அட்டை இல்லாததால் வராதவர், அட்டை இருந்தும் பஸ் செலவுக்கும் கூலி இழப்புக்கும் பயந்து வராதவர், அரசு மருத்துவமனைக்கே போனவர் என யாரும் அதில் இல்லை. அந்தப் பட்டியலை மட்டும் வைத்து ‘திட்டம் மக்களுக்குப் பயன்படுகிறது’ என்றோ ‘பயன்படவில்லை’ என்றோ எழுதினால் இரண்டுமே தவறாகலாம். நிர்வாகத்திலிருந்து வருகிறவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே மக்களை வீட்டில் போய்ச் சந்தித்துத் திரட்டிய தரவில் தொடங்குங்கள். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆவது சுற்று, 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை, உடல்நலச் செலவு பற்றி வீடுவீடாகக் கேட்டது. கடந்த 365 நாட்களில் யார் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், அரசிலா தனியாரிலா, டாக்டர் ஃபீஸ், மருந்து, பரிசோதனை, படுக்கைக் கட்டணம் தனித்தனியாக எவ்வளவு, காப்பீட்டிலிருந்து எவ்வளவு திரும்ப வந்தது, கடன் வாங்கினார்களா என்பதெல்லாம் அதில் உண்டு. பெயர் நீக்கப்பட்ட மூலத்தரவை மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ‘கேஷ்லெஸ்’ (கையிலிருந்து பணம் கட்ட வேண்டாம்) என்று சொல்லப்பட்ட பிறகும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் எந்த வகைச் செலவில் கைப்பணம் போட்டன? இந்த ஒரு கேள்வி போதும். கணக்கிட ‘ஆர்’ (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். தரவின் ஒவ்வொரு வரிக்கும் தரப்பட்டிருக்கும் எடையை (அந்த மாதிரி எத்தனை பேருக்குப் பதிலாக நிற்கிறது என்ற எண்ணை) சேர்க்காமல் சராசரி எடுத்துவிடாதீர்கள். சேர்க்காவிட்டால் விடையே மாறிவிடும்.

இந்தத் தரவு எவ்வளவு கனமானது என்பதற்கு ஓர் உதாரணம். நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் கையிலிருந்து போடும் பங்கு 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்ததாக தேசிய சுகாதாரக் கணக்குகள் சொல்கின்றன. இந்தக் குறைவு உண்மையிலேயே அவ்வளவா என்று ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. 2021-22 வரையிலான ஆண்டுகளின் கணக்குக்கும் 2017-18இல் எடுத்த இதே 75ஆவது சுற்றுதான் பெரிய ஆதாரம் என்பது அந்த விவாதத்துக்கு ஒரு முக்கியக் காரணம். கொள்கை ஆய்வு என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட சண்டைதான். ஓர் எண் எப்படி வந்தது, அதை நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்ற சண்டை.

உங்கள் மருத்துவமனையின் பதிவுகளையும் பிறகு பயன்படுத்தலாம். ஆனால் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியும், ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கையில் வரும்வரை ஒரு எக்செல் ஷீட்டைக்கூட வெளியே எடுக்காதீர்கள். வேலையில் பார்க்க உரிமை இருப்பதால் ஆய்வுக்கு எடுக்கவும் உரிமை இருக்கிறது என்று ஆகாது. நோயாளி உங்களிடம் கொடுத்தது சிகிச்சைக்காக.

படிப்பைப் பொறுத்தவரை, முறையியலில் அடித்தளம் போட சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளம் வழியாக நடத்தும் சுகாதார ஆய்வு அடிப்படைகள் பாடம் நல்ல தொடக்கம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். முழுநேரம் படிக்க முடிந்தால் திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையத்தின் எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) படிப்பைப் பாருங்கள். ஏற்கெனவே ஒரு முதுகலை இருக்கும்போது இன்னொன்றா என்று தோன்றலாம். எம்.எச்.ஏ.வில் ஆய்வு முறையியலும் புள்ளியியலும் ஆழமாகப் படிக்கவில்லை என்றால், எனக்குத் தெரிந்தவரை அது வீண் போகாது.

பி.எச்டி.க்கு யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறைப்படி முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். பகுதிநேரமாகவும் செய்யலாம், வேலை தரும் நிறுவனத்தின் தடையில்லாச் சான்று தேவை. உங்கள் பட்டத்தை எந்தத் துறையில் ஏற்கிறார்கள் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழக அறிவிப்பில் பாருங்கள்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆய்வு வேலைகளில் பல, திட்ட நிதி இருக்கும்வரை மட்டுமே. ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்கள். சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறையலாம். வீட்டுக் கடன் இருந்தால் பகுதிநேர வழியே சரி.

பி.எச்டி. வழிகாட்டிக்கு மின்னஞ்சல் எழுதும்போது ‘எனக்கு ஆர்வம் உண்டு’ என்பதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் கேள்வி, எந்தத் தரவு, என்ன கிடைத்தது, எங்கே சிக்கினீர்கள் என்று இரண்டு பக்கத்தில் எழுதி இணையுங்கள். சிக்கிய இடத்தைக் கண்டிப்பாக எழுதுங்கள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.